எந்த ஊர், எந்தக் கோவில், என்ன விலாசம்?

ஒரே குடும்பப் பெயர் தாங்கிய பெரிய மனிதர்களை, குறிப்பாக அமைச்சர்களையும் அரசியல் தலைவர்களையும், ஒரே பக்கத்தில் அடுக்கி வைக்கும் பட்டியல்கள் மீது எனக்கு நெடுநாளாக ஒரு மனத்தாங்கல் உண்டு. பெயரின் கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டு ஆட்களைத் தேடினால் ஒரு வம்சம் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில் அவை தொகுக்கப்படுகின்றன. அந்த நம்பிக்கை எங்கள் பக்கத்தில் செல்லுபடியாகாது. ‘செட்டியார்’ என்ற சொல்லைக் கொடுத்துத் தேடிப் பாருங்கள். சென்னையின் சர் பிட்டி தியாகராயச் செட்டியார் வருவார், கோயம்புத்தூரின் ஆர். கே. சண்முகம் செட்டியார் வருவார், திருப்பூரில் பிறந்த தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் வருவார், கானாடுகாத்தான் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரும் அவர் மகன் ராஜா சர் முத்தையாச் செட்டியாரும் வருவார்கள். எழுத்தைச் சற்று மாற்றிப் போட்டால் கடல் கடந்து, கற்பிட்டியில் 1807-இல் பிறந்து 1838-இல் இலங்கைச் சட்டநிரூபண சபைக்குப் போன சைமன் காசிச்செட்டியும் வந்து சேர்வார். இவர்களில் தகப்பனும் மகனுமான கானாடுகாத்தான்காரர்கள் தவிர, மற்ற எவரும் எவருக்கும் உறவில்லை. தியாகராயர் நெசவுத் தொழிலில் ஊன்றிய, தெலுங்கு பேசும் தேவாங்கர் சமூகத்தவர். காசிச்செட்டி கொழும்புச் செட்டிகள் என்ற தனிச் சமூகத்தைச் சேர்ந்த கிறித்தவர். கோவைக்காரர்களுக்கும் செட்டிநாட்டு நகரத்தாருக்கும், அதாவது எங்களவர்களுக்கும், கொள்வினையும் இல்லை, கொடுப்பினையும் இல்லை.

இதெல்லாம் தெரிந்ததுதானே, இதற்கு என்ன இவ்வளவு ஆதங்கம் என்று கேட்கலாம். வெளியூர்க்காரர்கள் தொகுத்த பட்டியலாக மட்டும் அது இருந்திருந்தால் நானும் கடந்து போயிருப்பேன். ஆனால் அந்தப் பட்டியல் காரைக்குடிக்கே வந்து, எங்கள் ஊர் மலர் ஒன்றில் அச்சேறுவதற்கு ஒரு படி முன்பு வரை போனது. அன்று முதல்தான் இந்த விஷயம் என் மனத்தில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுக்கிறது.

பார்வைப் படியில் காணாமல் போனவர்

ஒரு குடமுழுக்கை ஒட்டி மலர் போடுவதாக முடிவாகி, கட்டுரைகளைப் பிழை திருத்திக் கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. மலர்க்குழுவில் இருந்த இளைஞர் ஒருவர், சென்னையில் கணினி வேலை பார்ப்பவர், சுறுசுறுப்பானவர், ‘நம் பெயர் தாங்கிய அமைச்சர்கள்’ என்ற தலைப்பில் இரண்டு பக்கம் தயார் செய்து அனுப்பியிருந்தார். அச்சகத்திலிருந்து வந்த பார்வைப் படியை அவருடைய வீட்டு முகப்பில் உட்கார்ந்து பார்த்தோம். முதல் படம் சண்முகம் செட்டியாருடையது. சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர், 1947 நவம்பர் 26 அன்று முதல் வரவுசெலவுத் திட்டத்தைப் படித்தவர், அதற்கு முன் கொச்சியில் திவானாக இருந்தவர் என்று சரியான தகவல்களே தரப்பட்டிருந்தன. அடுத்து தியாகராயர்: 1920 தேர்தலில் நீதிக்கட்சி வென்றபோது முதன்மை அமைச்சர் பொறுப்பு தேடி வந்தும் அதை ஏற்காமல் விலகி நின்றவர். ஆகவே அமைச்சர்கள் பட்டியலில் அமைச்சராகாத ஒருவர் இருந்தார் என்பது என் முதல் குறிப்பு. பிறகு 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் கல்வி அமைச்சராக இருந்த அவினாசிலிங்கம். அவருக்கும் பின்னால், கீழ் மூலையில், நம்முடைய முத்தையாச் செட்டியார். 1933-இல் சென்னை மாநகராட்சியில் மேயர் பதவி மீண்டும் ஏற்படுத்தப்பட்டபோது அதில் முதலில் அமர்ந்தவர், பின்னர் நீதிக்கட்சி அமைச்சர்.

இளைஞரின் அப்பத்தா, எண்பதைத் தாண்டியவர், கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை வாங்கிப் பார்த்தார். எழுத்தைப் படிக்கவில்லை, படங்களை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனார். இரண்டாவது பக்கமும் முடிந்த பிறகு, “மந்திரிமாருன்னு போட்டிருக்கீக, கானாடுகாத்தான் சிதம்பரத்தைக் காணோமே, அவுகளை எங்கே விட்டீக?” என்று கேட்டார். பேரன், “அவுக பேருல செட்டியார்னு இல்லையே அப்பத்தா, அதனால வரலை” என்றார். “பேருல இல்லாட்டி என்னப்பா? ராசா வீட்டு மக வயித்துப் பேரன்ல அவுக! சரி, மொதல்ல இருக்காகளே, இவுக எந்த ஊரு, எந்தக் கோவிலு?” பேரன் கோயம்புத்தூர் என்றார். “கோயம்புத்தூருல நமக்கு ஏதுப்பா கோவிலு?” என்று சொல்லிவிட்டுத் தாளை என்னிடம் நீட்டினார்.

செட்டிநாட்டில் அச்சாகும் மலரில், அமைச்சர்களைப் பற்றிய இரண்டு பக்கத்தில், கானாடுகாத்தானில் 1945-இல் பிறந்தவரும், சிவகங்கைத் தொகுதியில் 1984 தொடங்கி ஏழு முறை வென்றவரும், நிதி, உள்துறை இரண்டையும் வைத்திருந்தவருமான ப. சிதம்பரம் இல்லை. அவருடைய அரசியலை ஏற்பவர்களும் உண்டு, ஏற்காதவர்களும் உண்டு. அது வேறு கதை. 1997-இல் அவர் படித்த நிதிநிலை அறிக்கையைக் ‘கனவு பட்ஜெட்’ என்று நாளிதழ்கள் கொண்டாடியதும், 1999-இல் அதே தொகுதியில் அவர் தோற்றதும், இரண்டுமே எங்கள் ஊர்த் திண்ணைகளில் ஆண்டுக்கணக்கில் அலசப்பட்டவை. அப்படிப்பட்டவரை ஒரு பின்னொட்டு இல்லாத ஒரே காரணத்துக்காகத் தேடுபொறி விட்டுவிட்டது. ஊருக்குச் சம்பந்தமில்லாதவர்கள் அதே பின்னொட்டின் பலத்தில் உள்ளே வந்துவிட்டார்கள். உள்ளூர்ப் பையன் ஒருவரே அதைக் கவனிக்காமல் பக்கம் கட்டியிருந்தார் என்பதைவிட, படிப்பறிவு குறைந்த அப்பத்தா அதை ஒரே பார்வையில் பிடித்தார் என்பதுதான் என்னை நிறுத்தி வைத்தது. அவர் கேட்ட கேள்வியில் கடைசிப் பெயருக்கு வேலையே இல்லை.

முன்னால் நிற்கும் எழுத்துகள்

எங்களவர்கள் ஒருவரை அறிமுகம் செய்துகொள்ளும்போது கேட்பவை மூன்று: ஊர், கோவில், விலாசம். 96 ஊர் என்பது பழைய கணக்கு. இப்போது அது எழுபத்துச் சொச்சத்தில் நிற்கிறது. கோவில் ஒன்பது: இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி. இளையாற்றங்குடி, மாத்தூர் போன்ற பெரிய கோவில்களில் உட்பிரிவும் கேட்கப்படும். ஒரே கோவில், ஒரே பிரிவு என்றால் பங்காளி. அங்கே பெண் எடுப்பது பற்றிப் பேச்சே எழாது. திருமணத்தன்று கோவிலிலிருந்து மாலை வர வேண்டும். மாலைக்கு எழுதிக் கொடுக்கும்போது ‘செட்டியார்’ என்று மட்டும் சொன்னால் கணக்குப்பிள்ளை தலை நிமிர்ந்து பார்ப்பதோடு சரி, பேனாவை எடுக்க மாட்டார். மாலை வந்து திருமணம் முடிந்தால்தான் அந்தக் குடும்பம் கோவிலில் ஒரு புள்ளி, அதாவது கணக்கில் ஏறிய ஒரு குடும்பம். ஒருவர் யார் என்பதைத் தீர்மானிக்கும் அந்த ஏட்டில், எல்லோருக்கும் பொதுவான பின்னொட்டுக்கு எந்த வேலையும் இல்லை.

விலாசம்தான் இதில் மிகவும் நுட்பமானது. பெயருக்கு முன்னால் வரிசையாக நிற்கும் எழுத்துகளைத்தான் அப்படிச் சொல்கிறோம். மூத்த மகனுக்கு அப்பச்சியின் (தந்தையின்) தகப்பனார் பெயரை, அதாவது ஐயாவின் பெயரை வைப்பது வழக்கம். மாமனார் பெயரைச் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்பதால் ஆத்தா தன் பிள்ளையை ராசா என்றோ தம்பி என்றோ கூப்பிட்டுக்கொள்வார். விளைவு, ஒரு குடும்பத்தில் இரண்டு பெயர்கள் தலைமுறைக்குத் தலைமுறை மாறி மாறி வரும். ஒரு தெருவில் நான்கு அண்ணாமலை, ஐந்து ராமநாதன், ஆறு பழனியப்பன் இருப்பார்கள். எம்.சிடி. குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ‘எம்.’ முத்தையா, ‘சிடி.’ சிதம்பரம், அடுத்த ‘எம்.’ மீண்டும் முத்தையா, அவர் மகன் மீண்டும் சிதம்பரம். 1937-இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கிய எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் அவர்தான். எழுத்துகளைப் படித்தாலே நான்கு தலைமுறை தெரிந்துவிடும்.

கானாடுகாத்தான் அரண்மனைக் குடும்பத்தில் அது இன்னும் தெளிவு. எஸ்.ஆர்எம்.எம். அண்ணாமலைச் செட்டியார் என்பதில் கடைசி ‘எம்.’ அவருடைய தகப்பனார் முத்தையா. அண்ணாமலையாரின் மூத்த மகன் எம்.ஏ. முத்தையா: முத்தையா பேரன், அண்ணாமலை மகன், தானும் முத்தையா. அவர் மகன் எம்.ஏ.எம். ராமசாமி. புது எழுத்து பின்னால் சேரச் சேர, பழைய எழுத்து முன்னாலிருந்து உதிர்ந்துகொண்டே வருகிறது. இரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் கடை வைத்துக் கொடுக்கல் வாங்கல் நடத்திய காலத்தில் இந்த எழுத்துகள்தாம் கடையின் பெயர். உண்டியல் (பணமாற்றுச் சீட்டு) எழுதினால் அதில் எந்த விலாசம் என்று பார்த்துத்தான் பணம் கொடுப்பார்கள். ராமநாதன் செட்டியார் என்று மட்டும் போட்ட தாளை நம்பி எவரும் பெட்டியைத் திறக்க முடியாது, எந்த ராமநாதன் என்று எப்படித் தெரியும்? அங்கிருந்த வெள்ளைக்கார அதிகாரிகள் தங்கள் அறிக்கைகளில் அனைவரையும் ஒட்டுமொத்தமாகச் செட்டிகள் என்று எழுதிக்கொண்டிருந்த அதே வேளையில், செட்டியார்கள் தங்களுக்குள் அந்தச் சொல்லைப் பயன்படுத்தத் தேவையே இல்லாமல் கோடிக்கணக்கில் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

தமிழ்ப் புலமை உலகத்துக்கும் அந்தப் பழக்கம் வந்தது. சா. கணேசன், ராய. சொ., வ.சுப. மாணிக்கம், சோம.லெ. என்று எழுத்துகளைச் சொன்னாலே ஆள் தெரியும். ராய. சொ. என்பவர் ராயப்பன் மகன் சொக்கலிங்கம். காரைக்குடியில் எவரும் அவரை முழுப் பெயரில் சொல்லி நான் கேட்டதில்லை. 1939-இல் கம்பன் கழகத்தைத் தொடங்கிய சா. கணேசன் 1962-இல் சுதந்திராக் கட்சி சார்பில் காரைக்குடிச் சட்டமன்ற உறுப்பினரானார். ‘சா.க.’ என்றால் போதும். பெயரின் பின்பக்கத்தைப் பார்க்கும் பட்டியலில் அவரும் அகப்பட மாட்டார்.

வால் உதிர்ந்த தலைமுறை

ஆக, ஒரு காலத்தில் எல்லோர் பெயரிலும் இருந்த பின்னொட்டு எப்போது உதிர்ந்தது? 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, சாதிப் பட்டங்களைப் பெயரிலிருந்து விட வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அதே 1929-இல்தான் அண்ணாமலைச் செட்டியாருக்கு ராஜா பட்டம் பரம்பரை உரிமையாக வந்தது, சிதம்பரத்தில் அவர் பெயரில் பல்கலைக்கழகமும் ஏற்பட்டது. பெயரிலிருந்து பட்டத்தைக் கழற்று என்ற குரலும், பெயரோடு புதுப் பட்டம் ஒட்டிய நிகழ்ச்சியும் ஒரே ஆண்டில் நடந்தன. செட்டிநாட்டிலும் சொ. முருகப்பா போன்றவர்கள் சீர்திருத்தம் பேசிப் பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தார்கள். இருந்தாலும் தீர்மானத்தால் உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. 1950களின் தேர்தல்களிலும் செட்டியார், பிள்ளை, முதலியார், நாயுடு என்று வேட்பாளர் பெயர்கள் வாலோடுதான் இருந்தன. அதற்கு அடுத்த தலைமுறையில் சத்தமில்லாமல் காணாமல் போயின. அண்ணாமலைச் செட்டியார், முத்தையாச் செட்டியார் என்று இரண்டு தலைமுறை நிமிர்ந்து நின்ற வீட்டில், மூன்றாம் தலைமுறை எம்.ஏ.எம். ராமசாமி என்றே மாநிலங்களவைக்குப் போனார். சாதி போய்விட்டது என்று இதற்குப் பொருள் கொள்பவர்கள் இந்தப் பக்கம் வந்து ஒரு திருமணப் பேச்சுவார்த்தையில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும். ஆனாலும் வாக்குச்சீட்டில் அது இல்லாமல் போனது நல்லது என்பதே என் கருத்து. அதை மலர்க்குழு தேடிப் பிடித்து மீண்டும் ஒட்ட வேண்டியதில்லை.

வால் போன இடத்தில் டில்லி வேறொன்றை வைத்துவிட்டது. கடைசிச் சொல்தான் குடும்பப் பெயர் என்று நினைத்தே அங்கே செய்தி எழுதுகிறார்கள். ஆகவே தகப்பன் பெயரோ தன் பெயரோ, கடைசியில் எது நிற்கிறதோ அது குடும்பப் பெயராகிவிடுகிறது. நிர்மலா சீதாராமனின் பெயரில் இருக்கும் சீதாராமன் அவர் தகப்பனார். அது தெரியாமல் கணவர் பெயர் என்று சொல்பவர்களை நான் சந்தித்திருக்கிறேன். 2019-இல் சிவகங்கையில் வென்ற கார்த்தி சிதம்பரத்தின் பெயரிலும் அதே மாற்றம். பழைய முறைப்படி அவர் ‘ப.சித. கார்த்தி’ என்று எழுதப்பட்டிருப்பார், சிதம்பரம் முன்னால் ஓரெழுத்தாக நின்றிருப்பார். இப்போது அது பின்னால் போய் முழுப் பெயராகிவிட்டது. இன்னும் ஐம்பது ஆண்டு கழித்து யாராவது ‘சிதம்பரம் என்ற குடும்பப் பெயருடைய தலைவர்கள்’ என்று பட்டியல் போட்டால் அதில் வ.உ.சி.யையும் சேர்த்து எழுதிவிடுவார்கள் என்று நான் விளையாட்டாகச் சொல்வதுண்டு. சேப்பாக்கம் மைதானத்தைக் கண்டு, நிதியமைச்சர் பெயரில் கட்டிக்கொண்டார்கள் என்று கோபப்படுபவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். அது அண்ணாமலைச் செட்டியாரின் இளைய மகன், இந்தியக் கிரிக்கெட் வாரியத் தலைவராக இருந்த எம்.ஏ. சிதம்பரத்தின் பெயர். வேடிக்கை என்னவென்றால், இந்த இருவரும் உண்மையாகவே உறவினர்கள். எம்.ஏ. சிதம்பரம் ப. சிதம்பரத்துக்குத் தாய்மாமன். பெயர் ஒன்றாக இருப்பது அந்த உறவால் அல்ல. தில்லை நடராசர் பெயர் இரண்டு வீட்டிலும் இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

விலாசம் சொல்லாதது

இந்த இடத்தில்தான் அப்பத்தாவின் கேள்வியோடும் எனக்கு முழு உடன்பாடு இல்லாமல் போகிறது. ஊர், கோவில், விலாசம் என்ற மூன்றும் பின்னொட்டைவிட ஆயிரம் மடங்கு துல்லியமானவை. ஆனால் மூன்றும் தகப்பன் வழியை மட்டுமே பேசுகின்றன. ‘ப.’ என்ற எழுத்து பழனியப்பனைச் சொல்லும். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் மகள் வயிற்றுப் பேரன் இந்திய அரசின் நிதியமைச்சரானார் என்பதை எந்த எழுத்தும் சொல்லாது. பட்டியலுக்கும் தெரியாது, விலாசத்துக்கும் தெரியாது. அப்பத்தாவுக்குத் தெரிந்தது, அவர் ஆச்சிமார்களின், அதாவது எங்கள் வீட்டுப் பெண்களின், பேச்சில் வளர்ந்ததால். யார் வீட்டுப் பெண் எங்கே வாழ்க்கைப்பட்டது, எந்த வீட்டில் பிள்ளை இல்லாமல் எங்கிருந்து பிள்ளை கூட்டினார்கள் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். பிள்ளை கூட்டினால் விலாசமே மாறிவிடும், சில நேரம் பெயரும் மாறும். சிறுகூடல்பட்டியில் முத்தையாவாகப் பிறந்த கண்ணதாசன் காரைக்குடி வீட்டுக்குப் பிள்ளையாகப் போனபோது நாராயணன் ஆனார். பிறந்த வீட்டை எழுத்தில் தேடினால் கிடைக்காது.

எங்களிடம் இரண்டு வீட்டு விலாசமும் ஒன்றாக நிற்கும் தாள் ஒன்று உண்டு: இசைகுடிமானம். திருமணத்தன்று எழுதி இரண்டு வீட்டாரும் கையெழுத்திடும் அந்த ஒப்பந்தத்தில் இன்ன ஊர், இன்ன கோவில், இன்னார் மகன், இன்னார் மகள் என்று இரு தரப்பும் வரும். என் வீட்டில் இருக்கும் பழைய தாள்களில் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். மடித்த இடத்தில் கிழிந்து, மை பழுப்பேறி இருந்தாலும், ஆயா வீட்டு விலாசம் ஐந்து எழுத்தோடு தெளிவாக நிற்கிறது. அந்த எழுத்துகளில் இரண்டுக்கு என்ன பெயர் என்று சொல்ல இன்று வீட்டில் ஆள் இல்லை. மலருக்கான பட்டியலை யாராவது இப்படிப்பட்ட தாள்களிலிருந்து தொகுத்திருந்தால் அது வேறு மாதிரி இருந்திருக்கும்.

மலர் என்ன ஆயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். ‘நம் பெயர் தாங்கிய’ என்ற தலைப்பை எடுத்துவிட்டு, ‘செட்டிநாட்டிலிருந்து பொதுவாழ்வுக்கு’ என்று போட்டோம். சண்முகம் செட்டியாரும் தியாகராயரும் அவினாசிலிங்கமும் விலகினார்கள். அவர்களுடைய பெருமைக்கு எங்கள் மலர் தேவையும் இல்லை. ப. சிதம்பரத்தைச் சேர்ப்பதற்குக் குழுவில் எதிர்ப்பு வந்தது. கட்சி அரசியல் மலருக்குள் வந்துவிடும் என்று ஒருவரும், மகள் வழியைச் சேர்த்தால் முடிவே இருக்காது என்று இன்னொருவரும் சொன்னார்கள். முதலாமவருக்கு, நீதிக்கட்சியும் சுதந்திராவும் கட்சிகள்தாமே என்று பதில் சொன்னேன். சிதம்பரமோ செட்டிநாட்டு ஊர்க்காரர் என்ற முறையிலேயே பக்கத்துக்குள் வருகிறவர். ஆனால் அண்ணாமலையாரின் பேரன் என்ற ஒரு வரியை அவர் படத்துக்குக் கீழே போட, இரண்டாமவரோடு வெகுநேரம் வாதாட வேண்டியிருந்தது. கடைசியில் வரி அச்சானது. அதோடு, மலருக்குப் பின் தொகுப்பதாக இருந்த ஊர்ப் புள்ளி விவரப் படிவத்தில் ‘ஆச்சியின் பிறந்த வீட்டு ஊர், கோவில், விலாசம்’ என்று ஒரு கட்டமும் சேர்த்தோம். நிரப்பி வந்த படிவங்களைப் பார்க்கிறேன். ஆண்கள் நிரப்பியவற்றில் பெரும்பாலும் அந்தக் கட்டம் காலியாகவே இருக்கிறது. பெண்கள் நிரப்பியவற்றில் கட்டம் போதாமல் ஓரத்தில் எழுதி, பின்பக்கமும் தொடர்ந்திருக்கிறார்கள்.